தொண்ணூறு நாள்

பெங்களூரா காய் பழுக்கப்
பன்னிரண்டு நாள் போதும்.
பில் பழுக்கத் தொண்ணூறு நாள்.
ஸ்ரீ வேடியப்பன் ஃபுரூட் புராடக்ட்ஸில்
வாட்ச்மேனுக்கும் தெரிந்த கணக்கு இது.
நடுவில் இருக்கும் எழுபத்தெட்டு நாளை
முதலாளி கேசவலு
காவேரிப்பட்டணம் வங்கியில்
ஓவர்டிராஃப்டாக வாங்கி வைத்திருந்தார்.
அந்த நாட்களுக்கு வட்டி போடுகிறவள் நான்.

மார்ச் கடைசியில் கதவடைத்தார்கள்.
குளிர்பானக் கம்பெனிக்காரன்
முதலில் போனையாவது எடுத்தான்:
"மேடம், இந்த வருஷம் கோடையே இல்லை."
ஜன்னலுக்கு வெளியே
நூற்று நாலு டிகிரி கொளுத்திக்கொண்டிருந்தது.
ஓசூர் ஐஸ்கிரீம்காரர்
"கல்யாணம் நடக்கட்டும், தரேன்" என்றார்.
யார் கல்யாணம் என்று கேட்கவில்லை.
துறைமுகத்தில் எங்கள் கண்டெய்னர் இரண்டு
நின்றன.
நின்ற இடத்துக்கு வாடகை ஓடியது.
பாய்லர் பற்றவைக்காத மாதத்துக்கும்
மின்சார பில் வந்தது, குறைந்தபட்சம் இவ்வளவு என்று.
மூன்று மாதம் கட்ட வேண்டாம் என்றது வங்கி.
வட்டி மட்டும்
வீட்டிலிருந்தே வேலை பார்த்தது.

குடோனில் ஆயிரத்து நூற்று நாற்பது டிரம்.
ஒவ்வொன்றிலும் இருநூற்றுப் பதினைந்து கிலோ
போன வருஷத்து மாம்பழம்.
டேலியில் அதற்குப் பெயர் சொத்து.
பேலன்ஸ் ஷீட்டை அச்செடுத்துப் பார்த்தால்
நாங்கள் பணக்காரர்கள்.
டீ வாங்கி வரச் சொன்னால்
பெட்டியில் அறுபது ரூபாய்.

மரத்துக்கு இதெல்லாம் யார் சொல்வது?
ஜூனில் அது தன்பாட்டுக்குப் பழுத்தது.
சந்தூரிலிருந்தும் பர்கூரிலிருந்தும் டிராக்டர்கள்
கேட் முன்னால் ராத்திரியெல்லாம் நின்றன.
அடியில் இருந்த பழம் கசிந்து
தார்ப்பாயிலிருந்து ரோட்டுக்குச் சொட்டியது.
ஈக்களுக்கு இ-பாஸ் தேவைப்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை
கணக்கில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து முந்நூறு.
"யாருக்கு முதல்லன்னு
நீயே எழுதிடு நாகவேணி" என்று சொல்லிவிட்டு
கேசவலு வெளியே போய்
காரில் உட்கார்ந்துகொண்டார். காரைக் கிளப்பவில்லை.

எழுதினேன்.
மின்சாரம். அறுத்துவிடுவார்கள்.
கொட்டை எடுக்கும் பெண்கள் நாற்பத்திரண்டு பேர், பாதிக் கூலி.
டிரைவர் சம்பங்கி, ஐயாயிரம்:
அவன் மாமனாருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறது.
தகர டப்பாக்காரருக்கு ஒரு செக்,
தேதி போட்டு, அந்தத் தேதியில் போடாதீர்கள்
என்று போனும் போட்டு.
பிறகு நூலில் கோத்த எடைச்சீட்டுகள்,
போன சீசன் பாக்கி.
ஏழாவது சீட்டு:
மா. மாதப்பன், சந்தூர்.
பதினோரு டன் இருநூற்று நாற்பது கிலோ.
என் கணவரின் அண்ணன்.
ஒரே வீடு, ஒரே உலை.
அதை உருவி அடியில் கோத்தேன்.
நியாயம் என்று அப்போது நினைத்தேன்.
பயமாகவும் இருக்கலாம்:
மேலே வைத்தால் கேட்டில் நிற்கிறவர்கள்
வாய் சும்மா இருக்காது.

மூத்தார் என்னிடம் நேராகப் பேசுவதில்லை.
எங்கள் வீட்டு வழக்கம்.
ஞாயிற்றுக்கிழமை கூடத்திலிருந்து
என் மகளிடம் சொல்வார்:
"சிரிஷா, கம்பெனில எப்பத் தருவாங்களாம்,
உங்கம்மாவக் கேளு."
அவள் ஆன்லைன் வகுப்புப் போனைக் கையில் பிடித்தபடியே
சமையலறைக்கு ஓடி வருவாள்.
"அடுத்த வாரம்னு சொல்லு."
ஓடுவாள். "அடுத்த வாரமாம்!"
மறுவாரமும் வந்தாள்.
அதற்கு மறுவாரமும்.
நாலு எட்டுத் தூரம்தான்
அந்த வீட்டில் கடன்காரிக்கும் கொடுத்தவருக்கும்.

நாலாவது ஞாயிறு
அவர் கேட்டது எனக்குக் கேட்டது.
பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன்.
பிள்ளை உள்ளே வரவேயில்லை.
விளையாட்டிலிருந்து தலை தூக்காமல்
அங்கிருந்தே சொன்னாள்:
"அடுத்த வாரமாம் பெரியப்பா."

"சரி" என்றார் மாதப்பன்,
அடுப்படி வரை கேட்கிற குரலில்.
கல்லில் தோசை
ஒரு பக்கம் தீய்ந்திருந்தது.
அதை என் தட்டில் போட்டுக்கொண்டேன்.